குறிப்புக் கட்டத்துக்கு ஒரு வரி

1

தம்பி என்னிடம் கேட்டது ஒரு வரி. நான் எழுதுகிறவள் என்பதால் கேட்டான். வீட்டில் ஒருவர் தச்சராக இருந்தால் ஆடும் நாற்காலியை அவரிடம்தானே கொண்டுபோவார்கள்.

"ரொம்ப யோசிக்காதக்கா. ஒரே வரி. டாக்டர் படிப்பார். அவருக்கு விஷயம் புரியணும். ஆனா அந்தம்மாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது."

"எந்தம்மா?"

"அது எனக்கே தெரியாது."

அந்த ஒரு வரி வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்தது.

2

முதலில் தம்பியின் வேலை. (இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தாண்டினால் மற்றது புரியாது.)

மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இன்ஹேலர் தருகிறார்கள். காலையும் மாலையும் அழுத்தி, மருந்தை உள்ளே இழுக்க வேண்டும். இரைப்பு வந்தபின் எடுக்கும் மருந்து வேறு. இது வராமல் இருக்க எடுப்பது. வராமல் இருப்பதற்காகச் செய்ய வேண்டிய எதையும் மனிதர்கள் தள்ளிப்போடுவார்கள். அதனால் தம்பியின் அலுவலகம் இன்ஹேலரின் தலையில் ஒரு மூடியைப் பொருத்துகிறது. மூடிக்குள் சென்சார். எப்போது அழுத்தினார்கள், எவ்வளவு பலமாக இழுத்தார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். போன் பக்கத்தில் வந்தால் கம்பியில்லாமல் போனிடம் சொல்லிவிடும். போன் தம்பியிடம் சொல்லும்.

தம்பி குப்பை பொறுக்குகிறான். அவன் சொன்ன சொல்தான். பைக்குள் தானாக அழுந்தியது, வேலை செய்கிறதா என்று காற்றில் அடித்துப் பார்த்தது, குழந்தை விளையாடியது, போன் வெளியூர் போய்விட்டதால் மொத்தமாகப் பின்னால் வந்து சேர்ந்தது. இவற்றைக் களைந்து, எது உண்மையான மூச்சு என்று தேர்ந்து, மருத்துவருக்கு ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டும். சுருக்கத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஒரு வரிதான் கொள்ளும்.

திரையில் ஒவ்வொரு மூச்சும் ஒரு சின்ன மலை. ஆளுக்கு ஆள் மலை மாறும். ஒரே ஆளுக்கு அநேகமாக மாறாது. பெயர்கள் தம்பிக்கு வருவதில்லை. எண் வரும், ஆணா பெண்ணா என்று வரும், வயது வரும், மலை வரும்.

"ரோட்டுல எதிர்ல வந்தா அடையாளம் தெரியாது," என்றான் ஒருமுறை. "மூச்சு விட்டாங்கன்னா கண்டுபிடிச்சுடுவேன்."

3

தொடக்கம், முதல் முயற்சி:

மலைகள் இடம் மாறியிருந்தன.

நல்ல வரி. நல்ல வரி என்று எனக்கே தோன்றியதால் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி:

அவர் இறந்த பிறகும் அந்த மூடி

தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சாகடிக்கிற?"

"இன்னும் சாகலை. வாக்கியம் முடியலை."

"நீ வாக்கியத்தை முடிச்சா ஆளு முடிஞ்சாரு. உன் கதையில எல்லாரும் போயிடறாங்க. போன கதையில பூனைகூட."

"அது வயசான பூனை."

"இவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னைக்குக் காலையிலகூட அந்தம்மா நல்லா இழுத்தாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு வரி கேட்டா நீ சங்கு ஊதற."

நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன். இந்தக் கதையில் யாரும் இறக்க மாட்டார்கள்.*

* இதை முன்கூட்டியே சொல்வது கதைக்கு நஷ்டம். மூச்சிரைப்பு உள்ள ஒருவர் வீட்டில் இருக்கும் வாசகருக்கு லாபம். அவரைத்தான் நினைத்தேன்.

4

நடந்தது இது.

ஒரே போனிலிருந்து இரண்டு மூடிகளின் கணக்கு வருகிறது. ஒரே வீடு, ஓர் ஆண், ஒரு பெண், ஏறக்குறைய ஒரே வயது. கணவன் மனைவி என்று வைத்துக்கொண்டோம். (அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். தம்பி சம்மதிக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.)

அந்த அம்மாவின் மலை செங்குத்தானது. வேகமாக ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கும். கணவருடையது தாழ்ந்து நீண்ட மேடு. அம்மா ஒரு வேளையும் விடுவதில்லை. அவர் பெரும்பாலும் எடுப்பதே இல்லை.

பிறகு ஒரு நாளிலிருந்து அவருடைய எண்ணில் செங்குத்து மலைகள் வரத் தொடங்கின. காலை, மாலை, தவறாமல். அம்மாவின் எண்ணில் வெறுமை. இடையிடையே ஒரு தாழ்ந்த மேடு.

தம்பிக்கு இது புதிதில்லை. இன்ஹேலரின் பிளாஸ்டிக் உறையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். கழுவும்போது மூடியைக் கழற்றி வைப்பார்கள். வீட்டில் இரண்டு இன்ஹேலர் இருந்தால் இதன் மூடி அதற்குப் போய்விடும். கணக்கில் எண்களை மாற்றிவிட்டு, குறிப்பில் 'மூடி மாறியுள்ளது' என்று எழுதினால் முடிந்தது.

அதைச் செய்யப் போன நேரத்தில் பக்கத்து மேசையில் நர்ஸ் போனை வைத்தார். மருந்தைத் தவறவிடுகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது அவர் பொறுப்பு. அலுவலகத்தில் அவரை 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்பார்கள். அவருக்கும் தெரியும். கோபப்படுவதில்லை.

"பாவம்ப்பா," என்றார் தம்பியிடம். "இத்தனை நாளா மருந்தே எடுக்கலையேம்மான்னு ஒரு பிடி பிடிச்சேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. தப்புதாங்க, இனிமே எடுத்துக்கறேன்னுட்டு வச்சுடுச்சு. முன்னாடி அவங்க வீட்டுக்காரர்தான் என்கிட்ட மாட்டுவாரு. இப்ப அவரு தங்கமா மாறிட்டாரு. இவங்க கெட்டுப்போயிட்டாங்க."

தம்பி எண்ணைக் கேட்டான். அதே வீடு.

என்னிடம் அவன் சொன்னது: "யோசிச்சுப் பாரு. தினமும் ஒழுங்கா எடுக்கறவங்களைப் பார்த்து நீ எடுக்கலைன்னு சொன்னா என்ன பண்ணுவாங்க? சண்டைக்கு வருவாங்க. உங்க மெஷின்தான் கெட்டுப்போச்சும்பாங்க. இந்தம்மா தப்புதாங்கன்னு சொல்லியிருக்காங்க."

அவன் எண்களை மாற்றாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

மூடிகள் தாமாக மாறியிருக்கவில்லை.

5

"திட்டு வாங்கிக்கிட்டுப் போகட்டுமே. அதுல என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

அவன் பொறுமையாகச் சொன்னான். வியாழக்கிழமை மருத்துவர் அந்த இருவரையும் பார்க்கிறார். அதற்குமுன் சுருக்கத்தைப் படிப்பார். கணவர் மருந்தை ஒரு வேளையும் விடவில்லை என்று அதில் இருக்கும். ஆனால் நெஞ்சில் குழாயை வைத்தால் விசில் கேட்கும். இவ்வளவு எடுத்தும் அடங்கவில்லை என்றால் மருந்து போதவில்லை என்றுதான் எந்த மருத்துவரும் நினைப்பார். அளவைக் கூட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரைக்குப் போவார். எலும்பையும் சர்க்கரையையும் பதம் பார்க்கும் மாத்திரை.

அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்காது. கணக்கு நர்ஸிடம் போய், நர்ஸோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருப்பார். மூடி இருப்பது திட்டுவதற்கு. திட்டை நாம் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

"எண்ணை மாத்தித்தான் ஆகணும்," என்றான் தம்பி. "அதைப் பத்தி நான் உன்கிட்ட கேட்கவே இல்ல. ஆனா வேணும்னே மாத்தினாங்கன்னு எழுதினா, மூடியைத் திரும்ப வாங்கிடுவாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் போன் போட்டு, ஏம்மா பொய் சொன்னீங்கன்னு கேட்பாங்க. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசற வீடு அது. அவருக்கு இது தெரியுமோ என்னமோ."

"மூடி மாறியுள்ளதுன்னு மட்டும் எழுதேன்."

"எழுதலாம். அப்ப அவரு மறுபடி எடுக்காத ஆளு. மறுபடி திட்டு அவருக்கு. அந்தம்மா மறுபடி மாத்துவாங்க."

கேள்வி எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அவருடைய நெஞ்சைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக அந்த அம்மாவைத் தலைகுனிய வைக்கக் கூடாது. ஒரு வரிக்குள்.

6

ஆட்களைத் தெரியாமல் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத வராது எனக்கு. ஆகவே அவர்களை உண்டாக்கினேன். இனி இந்தப் பகுதி முடியும்வரை எல்லாம் நான் கொடுத்தவை.

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை. இரண்டு டம்ளர், இரண்டு பிரஷ், இரண்டு இன்ஹேலர். அவளுக்குச் சாவி வெட்டும் கடை, ஒரு ஆள் நிற்கும் அளவு. பித்தளைத் தூள் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை. அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர்.

(அவரை 'அவர்' என்றும் அவளை 'அவள்' என்றும் எழுதுகிறேன். இருவரும் 'அவர்' என்றால் யார் யாரென்று குழம்பும். அவளிடம் மன்னிப்பு.)

அவர் ஏன் மருந்து எடுப்பதில்லை? மறதி என்று எழுதினேன். காலையும் மாலையும் பக்கத்தில் நின்று ஒருத்தி எடுக்கும்போது மறக்க முடியாது. அடித்தேன். பிடிவாதம் என்று எழுதினேன். வயதான ஆணுக்குப் பிடிவாதம் என்றால் வாசகர் உடனே நம்பிவிடுவார். உடனே நம்பப்படுவதை நான் நம்புவதில்லை. அதையும் அடித்தேன்.

பிறகு மருந்தோடு வரும் தாளைத் தம்பியிடம் வாங்கிப் படித்தேன். சிலருக்குக் குரல் கம்மலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

தொழிலை நான் முதலில் கொடுத்தேன். காரணம் பின்னால் வந்து சேர்ந்தது.

மருந்து எடுத்த மறுநாள் ஒலிபெருக்கியில் தன் குரல் தேய்ந்து வருவதை அவர் கேட்டிருக்கிறார். நிலையத்தில் ஆட்கள் பேருந்து நேரப் பலகையை நிமிர்ந்து பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பொருள், அறிவிப்பு புரியவில்லை என்பது.

நர்ஸ் பேசிவிட்டு வைத்த ஒரு மாலை:

"யாரு?"

"அவங்கதான்."

"என்னவாம்?"

"எனக்கு மூச்சு விடத் தெரியலையாம்."

"இத்தனை வருஷம் யாரு விட்டாங்களாம்?"

"உன் பேரைச் சொல்லிட்டேன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போலத் திரும்பி வந்தார்.

"தொண்டை கம்முதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க சொல்றது? எடுத்தீங்களா எடுக்கலையான்னு கேட்கறாங்க. ஒண்ணு ஆமா, இல்லேன்னா இல்ல. நடுவுல இடமே விடறதில்ல."

"நான் பேசவா?"

"வேண்டாம். புருஷனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாங்கம்பாங்க."

அவள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறைகளைக் கழுவினாள். துண்டின் மேல் கவிழ்த்துக் காயவைத்தாள். மூடிகள் இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. எது எதில் சேரும் என்று பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவள் அவள்.

அவருடைய மூடியைக் கையில் எடுத்தபோது அவள்

அவள் மனதில் அப்போது

மூடியை எடுத்தவள் ஒரு கணம்

(இந்த வாக்கியம் மூன்றுமுறை நின்றுவிட்டது. விட்டுவிடுகிறேன். அவள் பொருத்தினாள். 'டிக்' என்று சத்தம் வந்தது. அவ்வளவு போதும்.)

7

தம்பி படித்தான்.

"அறிவிப்பாளரா? இப்ப எல்லாம் ரெக்கார்டிங்தான்."

"பஸ் லேட்டுங்கறதும் குழந்தையைக் காணோங்கறதும் ரெக்கார்டிங்ல வருமா?"

யோசித்தான். "வராது. சரி, இருக்கட்டும். ஆனா குரலுக்காகத்தான் எடுக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எழுதினேன்."

"இதானே வேண்டாங்கறது."

போய்விட்டான். மறுநாள் வேலையிலிருந்து வந்தவன் காலணியைக் கழற்றாமல் என் மேசை ஓரத்தில் நின்றான்.

"அக்கா. அவரு எப்பவாவது எடுப்பார்ன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"எப்பவாவது இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். ஒரு வாரம்கூட விடல. மூடி மாறுறதுக்கு முன்னாடி அவர் எண்ல அப்படித்தான். மாறினதுக்கு அப்புறம் அம்மா எண்லயும் அதே. நான் அதை ஏதோ குப்பைன்னு நினைச்சேன்."

"மறுநாள் லீவு."

"லீவான்னு தெரியாது. மறுநாள் ஞாயித்துக்கிழமை. அதுதான் தெரியும்."

"அதேதான்."

"அதே இல்ல. உனக்கு அதே. எனக்கு ஞாயித்துக்கிழமை."

ஆனாலும் காலணியைக் கழற்ற மறந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். மருந்தை வெறுக்கிற ஆள் வாரம் ஒருமுறை தேடி எடுக்க மாட்டார். குணமாக வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருக்கிறது. எந்த நாளில் ஆசைப்படலாம் என்பதுதான் கணக்கு. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

குரலுக்கு என்ன வழி என்று தாளில் அடுத்த வரியிலேயே இருக்கிறது. எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நீளமான குழாய் ஒன்றை வாய்க்கும் இன்ஹேலருக்கும் நடுவில் வைத்து இழுத்தால் தொண்டையில் தங்குவது குறையும். அதுவும் சரிப்படாவிட்டால் மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்ப்பார். காரணம் தெரிய வேண்டும். தெரிய யாராவது கேட்க வேண்டும்.

8

வரிகள். தம்பி சொன்ன பதில்களோடு.

மூடிகள் தற்செயலாக மாறியுள்ளன.

"பொய். நான் எழுத மாட்டேன்."

மூடிகள் மாறியுள்ளன, அன்பினால்.

"என் சம்பளம் போகும், அன்பினால்."

இவர் வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுக்கிறார். குரல் கம்முகிறதா என்று கேட்கவும்.

இதை இரண்டுமுறை படித்தான். "முன்பாதி மூடி சொன்னது. பின்பாதி நீ சொன்னது. மூடியில குரல் வராதுக்கா. உன் கற்பனையை நான் டாக்டருக்கு அனுப்பினா, அப்புறம் நான் அனுப்பற எதையும் அவர் நம்பக் கூடாது."

அவன் சொன்னது சரி. எனக்குப் பிடிக்கவில்லை. என் அறிவிப்பாளர், பலகையை நிமிர்ந்து பார்க்கும் பயணிகள், சாவிக்கடை, எல்லாவற்றையும் அந்தக் கட்டத்துக்கு வெளியே நிறுத்தினேன். மிஞ்சியது:

எண்கள் சரிசெய்யப்பட்டன. இவர் சனிக்கிழமை மாலை மட்டும், தவறாமல் எடுக்கிறார். ஏன் என்று அவரிடமே கேட்கவும்.

"ஏன்," என்று தம்பி சத்தமாகப் படித்தான். "இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் நான் ஏன்னு எழுதினதே இல்ல."

"கொள்ளுமா?"

"கொள்ளும். ஒட்டினாப்ல."

"ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டா?"

"கழுவறப்ப மாறியிருக்குன்னு சொல்வேன். கழுவறப்பதானே மாத்தியிருப்பாங்க. பொய் இல்லையே."

"நீ எழுத வந்திருக்கலாம்."

"சாப்பாடு போடுமா?"

"போடாது."

புதன்கிழமை அனுப்பிவிட்டான்.

9

முடிவு அ: மருத்துவர் குறிப்பைப் படிக்கவில்லை. ஆட்கள் அதிகம். அளவைக் கூட்டிவிட்டார். (இது நடக்கும். நடக்கிறது என்பதற்காக எழுத வேண்டுமா?)

முடிவு ஆ: அவள் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். அவர் அவள் கையைப் பிடித்து

(இல்லை.)

முடிவு இ: அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மூடி மாறிய அன்றே 'டிக்' என்ற சத்தத்தைக் குளியலறைக்கு வெளியே கேட்டார். தெரிந்தும் சும்மா இருந்தார், தனக்காக ஒருத்தி பொய் சொல்வதை அவரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. (இதை வைத்திருக்க ஆசை. ஆனால் பிறகு அவள் திட்டு வாங்கியபோதும் அவர் சும்மா இருந்தார் என்றாகிவிடும். அதை நான் அவருக்குச் செய்ய மாட்டேன்.)

தம்பியைக் கேட்டுப் பயனில்லை. மருத்துவரின் அறையிலிருந்து அவனுக்கு எதுவும் வராது. இனி வரும் வாரங்களில் மலைகள் வரும், அல்லது வராது. அவன் தினமும் பார்க்கிறான். நான் கேட்பதில்லை. கேட்டால் என் முகத்தைப் பார்த்து நல்லதாகச் சொல்லிவிடுவான்.

எனவே அந்த மருத்துவரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

வியாழக்கிழமை. வெளியே நிறையப் பேர். ஒரு குழந்தை விடாமல் இருமுகிறது. உங்கள் திரையில் சுருக்கம், ஓரத்தில் ஒரு வரி. படித்துவிட்டீர்கள். கதவு திறக்கிறது. இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவள் உட்காருகிறாள்.

நீங்கள் அவரைப் பார்த்துக் கேட்கிறீர்கள்: "ஐயா, சனிக்கிழமை மட்டும் ஏன்?"

"என் மேலதான் தப்பு டாக்டர்," என்கிறாள் அவள், அவர் வாயைத் திறப்பதற்குள்.

அவளிடம் கோபப்படாதீர்கள். "சரிம்மா" என்று சொல்லுங்கள். பிறகு மறுபடி அவரிடம் திரும்புங்கள். மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் அவர் பேசுவார். நேரமாகும். கதவை யாராவது தட்டுவார்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், திரையையும் பார்க்காதீர்கள்.

அவர் சொன்னதை என்னால் எழுத முடியாது. என் அறிவிப்பாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உங்கள் எதிரில் இருப்பவர் அவர் இல்லை. இவருக்கு எந்தத் தொழில், எந்தத் தொண்டை, எந்தக் காரணம் என்று நான் அறியேன்.

கேட்டவர் நீங்கள்.